பொட்டல்காட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வேலையில் இருக்கிறவர்கள் சாயங்காலம் வந்து படித்துக்கொள்ளுங்கள். கோபம் வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். வகுப்பில் இருந்த அதே சட்டம்தான், பாதியில் எழுந்து போகக் கூடாது.

போன வாரம் என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் வேலை விஷயமாக மணியாச்சிப் பக்கம் வந்திருந்தார். பெயர் சொல்லப்போவதில்லை. நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். சோலார் போடுவதற்கு நிலம் பார்க்கிற வேலை, மூன்று நாள். கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. அதன் லென்ஸ் என் முழங்கை நீளம் இருக்கும். மூன்றாம் நாள் மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு காரில் பாபநாசம் மலைக்குப் போய்விட்டார். மறுநாள் நாற்பது படம் போட்டிருந்தார். மலை அணில், அருவி, பாறையில் உட்கார்ந்து சிறகு காய வைக்கிற நீர்க்காகம். எல்லாம் அருமையான படங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "மூணு நாள் பொட்டல்காட்டுல காய்ஞ்சதுக்கு அப்புறம் கொஞ்சம் இயற்கை."

அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தேன். பாதிப் பேர் என் மாணவர்கள். என் மதினி மகள் ஒருத்தி, "நம்ம ஊர்ல என்னண்ணே இருக்கு, வெயிலும் வேலிக்கருவையும்தான்" என்று கீழே எழுதியிருந்தாள். அவள் தாத்தா அறுபது வருஷம் இந்தக் கரிசலில் கம்பும் உளுந்தும் போட்டு அவள் அப்பாவைப் படிக்க வைத்தவர்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

அவர் மூன்று நாள் நின்று அளந்தாரே, அந்த மேய்ச்சல் புறம்போக்கு, அதில் ஒரு மூலையில் இடுப்பளவு புல் நிற்கும். ஐப்பசி மழை விழுந்து ஊர் பச்சையாகிற சமயத்தில் அங்கே பூனைப்பருந்துகள் வந்து சேரும். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பல நாட்டு எல்லைகளைக் கடந்து, குளிர்காலத்தைக் கழிக்க நம் கரிசலுக்கு வருகிற பறவை. ஊரில் எல்லாவற்றையும் பருந்து என்றுதான் சொல்லுவோம், அதனால் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆண் சாம்பல் நிறமாக இருக்கும், இறக்கை நுனி கறுப்பு. பெட்டை தவிட்டு நிறம், வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளை. பகலெல்லாம் பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தவழ்ந்து போய் வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும். இருட்டப் போகிற நேரத்தில் நாலா பக்கமிருந்தும் வந்து அந்தப் புல்லுக்கு மேலே வட்டமடிக்கும். பிறகு ஒன்றொன்றாகத் தரையில் இறங்கி உட்காரும். ஆம், தரையில்தான். இவை கூட்டமாகத் தூங்குவது மரத்தில் இல்லை, புல்லுக்குள்ளே. நான் நின்று பார்த்த மாலைகளில் இரண்டு கை விரல்களும் போதாமல் எண்ணியிருக்கிறேன்.

அவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கோவில்பட்டி லாட்ஜுக்குப் போய்விட்டார். பறவை வந்தது ஆறு மணிக்கு. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் கஜகஸ்தான் அவர் லென்சுக்குள் வந்திருக்கும். பாபநாசத்துக்குப் போன டீசலும் மிச்சம்.

இது வெறும் ரசனைக் குறைவு என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அவரவர் ரசனை அவரவருக்கு. "இங்கே ஒன்றுமில்லை" என்கிற வார்த்தைக்கு ஒரு விலை இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பழைய கணக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் தரிசு இரண்டு வகை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. இந்த வார்த்தைகளை நிதானமாக ஒரு முறை சொல்லிப் பாருங்கள். மண்ணைப் பற்றி அதில் ஏதாவது இருக்கிறதா? வரி கிடைக்குமா கிடைக்காதா என்பது மட்டும்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வரிக்கணக்கில் காசு தராத நிலத்துக்கு வைத்த பெயர் தரிசு. அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, பெயர் போகவில்லை. மத்திய அரசின் நிலவளத் துறை 2019-ல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடு, அடர்ந்த புதர் என்றாலும் சரி, திறந்த புதர் என்றாலும் சரி, தரிசுக் கணக்கில்தான் வருகிறது. செயற்கைக்கோளிலிருந்து பார்க்கிறவனுக்கு முயலும் கௌதாரியும் தெரியாது. தெரியாதது நியாயம். மூன்று நாள் அதே இடத்தில் கேமராவோடு நின்றவருக்கும் தெரியவில்லை என்றால் அதை என்னவென்று சொல்ல?

இன்னொன்றையும் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சோலார் தகடு நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் முன் அனுமதி வேண்டியதில்லை. அனல்மின் நிலையம் என்றால் அறிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எல்லாம் உண்டு. இதற்கு அது எதுவும் இல்லை. ஆக, ஒரு நிலத்தில் என்ன உயிர் இருக்கிறது என்று சட்டப்படி யாரும் கேட்கப்போவதில்லை. பைலில் தரிசு என்று இருக்கிறது. பார்க்க வந்தவர் பொட்டல் என்கிறார். ஊர்க்காரி "என்ன இருக்கு" என்கிறாள். மூன்றும் ஒத்துப்போய்விட்டால் கேள்வி கேட்க மிச்சம் யார் இருக்கிறார்கள்? கிழக்கே கமுதியில் 2016-ல் ஒரே இடத்தில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அதற்கு முன்பு அந்த 2,500 ஏக்கரில் மாலை ஆறு மணிக்கு எது வந்து இறங்கியது? யாரிடமாவது ஒரு படம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்க ஆசைப்படுகிறேன்.

"சார் சோலாருக்கு எதிரி" என்று கிளம்பிவிடாதீர்கள். என் வீட்டு மொட்டை மாடியிலும் தகடு இருக்கிறது. தூத்துக்குடியில் 210 மெகாவாட் யூனிட் ஐந்து வைத்து நிலக்கரியை எரித்த சாம்பல் யார் மூக்கில் போனது என்று எனக்குத் தெரியும். வெயில்தான் நம் ஊரின் விளைச்சல் என்றால் அதை அறுவடை செய்யட்டும். எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. உழாமல் விட்டு வேலிக்கருவை மண்டிக் கிடக்கிற நிலம் கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். வேலிக்கருவை பச்சையாக இருக்கிறது, ஆனாலும் அது வந்தேறி, அதன் அடியில் புல்கூட முளைக்காது. புல் நிற்கிற இடம் பழுப்பாக இருக்கிறது, பட்டுப்போனது போலத் தெரிகிறது, அதில்தான் உயிர் இருக்கிறது. பச்சை என்றால் இயற்கை, பழுப்பு என்றால் பாழ் என்று கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறவர்கள் சரியாகத் தலைகீழான இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

"விவசாயியே விற்கிறானே சார்" என்று ஒரு தம்பி இதற்கு முன்பே ஒரு பதிவில் கேட்டிருந்தார். விற்கிறான், உண்மைதான். மானாவாரியில் மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் கையைச் சுட்டால் விற்கத்தான் செய்வான். அவன் பட்டாவைப் பற்றி நான் பேசவில்லை. நான் சொல்வது புறம்போக்கு, ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் இடம். அதை விற்க எந்தத் தனி ஆளுக்கும் பாத்தியதை கிடையாது. அங்கே கிடை போடுகிற ஆட்டுக்காரருக்கு அது பாழ் இல்லை, தீவனம். ஆடு அளவாக மேய்வதால்தான் அந்தப் புல்லும் புதராகாமல் புல்லாகவே நிற்கிறது. அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்குப் போன இடத்தில் கேமராவை எடுப்பது தப்பா என்று சிலர் கேட்கலாம். தப்பே இல்லை. நம் நாட்டில் பறவை, பூச்சி பற்றிய அறிவில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். இ.எச்.என். லோதர் கிழக்கிந்திய ரயில்வேயில் அதிகாரி. வேலை போக மிச்ச நேரத்தில் கூடு கூடாகக் காத்துக் கிடந்து பறவைகளைப் படம் பிடித்து 1949-ல் புத்தகமாகவே போட்டார். எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் என்று ஒருவர், பம்பாய் மாகாணத்தில் சுங்கம், உப்பு இலாகா உத்தியோகஸ்தர். 1883-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் எழுதிய புத்தகம் நடக்கிற ஊருக்கு அவர் வைத்த பெயர் 'டஸ்டிபூர்'. தமிழில் தூசிப்பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வறண்ட ஊர். அந்தத் தூசிப்பட்டியில் தன் பங்களாவுக்குள் வந்து போகிற எலி, எறும்பு, பல்லி, காக்கா இவற்றைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். லீவு போட்டு மலைக்குப் போய் எழுதவில்லை.

நம்மவர்களில் தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் இருந்தார். வேலை அவரை ஊர் ஊராக மாற்றியது, போன இடமெல்லாம் பறவை பார்த்தார். தமிழகத் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்றார். காட்டுயிர் என்கிற வார்த்தையை நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம் என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மா. கிருஷ்ணன் நம் திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர், எழுத்தாளர் மாதவையாவின் மகன். சண்டூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தார். அது பெல்லாரிப் பக்கம், அதுவும் ஒன்றும் சொட்டச் சொட்ட ஈரமான ஊர் இல்லை. 1950 முதல் 1996-ல் சாகிற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் ஒரே பத்தியை எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். நீங்கள் கையில் வைத்திருப்பதற்கும் அவர் தானே பூட்டிச் சேர்த்து வைத்திருந்த கேமராவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இவர்கள் யாரும் "வேலை இங்கே, இயற்கை அங்கே" என்று ஊரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை. அப்படிப் பிரித்தது இன்னொரு வகைத் துரைமார். உத்தியோகம் சமவெளியில், வெயில் ஏறினால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஓட்டம். மணியாச்சி என்றவுடன் எல்லாருக்கும் நினைவு வருகிற அந்த 1911 ஜூன் 17-ஆம் தேதி, கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தாரே, எங்கே போய்க்கொண்டிருந்தார்? கொடைக்கானலுக்கு. வாஞ்சிநாதன் பெயரை ஸ்டேஷனுக்கு வைத்து விட்டோம். கரிசலில் சம்பளம், மலையில் சந்தோஷம் என்கிற ஆஷ் துரையின் பழக்கத்தை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கினால் படம் போடுகிறீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் போன் நிறையப் படம். அந்தக் கடலை எந்த மண்ணில் விளைந்தது என்று ஒரு படம்? கி. ராஜநாராயணன் இடைசெவலில் இருந்துகொண்டு இந்த ஊர்ப் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். ஒன்றுமில்லாத ஊருக்கு யாராவது அகராதி போடுவார்களா?

ஒன்றுமில்லை என்கிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. விசிறித் தொண்டை ஓணான் தெரியுமா? தரையிலேயே ஓடித் திரிகிற சின்ன ஓணான், மரம் ஏறாது. வெயில் காலத்தில் ஆண், கல் மேல் ஏறி நின்று தொண்டைத் தோலை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். தென் தமிழ்நாட்டுத் திறந்த வெளிகளில் இருக்கிற இந்த ஓணானில் ஒரு வகை, உலகத்துக்கே புதிய இனம் என்று 2016-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த விஞ்ஞானப் பெயரே 'சிட்டானா மருதம்நெய்தல்'. நம் திணையின் பெயர், லத்தீன் பெயர்ப்பட்டியலில். (பாலைக்கு இடம் கொடுக்கவில்லை என்று எனக்குச் சின்ன வருத்தம்.) நாம் சின்ன வயதில் கல்லால் அடித்த ஓணான் கூட்டத்தில் அதுவும் இருந்திருக்கும். மணியாச்சிக்குத் தெற்கே வல்லநாட்டில் வெளிமானுக்கென்று 1987 முதல் சரணாலயம் இருக்கிறது, வெறும் 16 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஒரே ஒரு குன்று. தூத்துக்குடிக்கு அந்த வழியாக எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? இறங்கினீர்களா?

அந்தப் புல்வெளிக்கு வருகிறேன். ஏட்ரீ நிறுவனத்தின் டி. கணேஷ், எம்.பி. பிரசாந்த் இருவரும் இந்தியா முழுக்கப் பூனைப்பருந்து தங்கும் இடங்களைத் தொகுத்து 2018-ல் கட்டுரை எழுதினார்கள். தங்கும் இடங்களில் நிலம் வேறு உபயோகத்துக்கு மாறிக்கொண்டே போவதும் தொந்தரவும் சேர்ந்து இந்தப் பறவை குறையக் காரணமாகலாம் என்பது அவர்கள் முடிவு. பறவைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்காதீர்கள். நாலு பக்கமும் விளைநிலம், நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத புல், கிட்டத்தில் இரவு விளக்கு கிடையாது, இப்படி எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது?

நீர்ப்பறவைகளுக்காவது ஆள் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் வருஷா வருஷம் கணக்கெடுப்பு நடக்கிறது. குளம் நிறைந்தால் ஜனம் பார்க்க வருகிறது, பேப்பரில் போடுகிறார்கள். புன்செய்க்கு அப்படி யார் வருகிறார்கள்? பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று 2015 முதல் நடக்கிறதே, அந்த நாலு நாளும் நீங்கள் எல்லாரும் ஊரில்தான் இருக்கிறீர்கள். கறிக்கடை வரிசையில் நிற்கிற நேரத்தில் கால் மணி நேரம் போதும்.

ஆகவே வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். காற்றாலைக்கு வருகிறீர்கள், ரயில்வே வேலைக்கு வருகிறீர்கள், வங்கி ஆய்வுக்கு, தேர்தல் பணிக்கு வருகிறீர்கள். கேமராவைக் கொண்டு வாருங்கள். விடிகாலையும் அந்தி நேரமும்தான் பறவையின் நேரம், எந்த ஆபீசும் அப்போது திறந்திருக்காது. எடுத்த படம் அழகாக இருக்க வேண்டியதே இல்லை. மங்கலாக இருந்தாலும் இன்ன தேதி, இன்ன மணி, இன்ன சர்வே எண் பக்கம் என்று எழுதி இ-பேர்டில் ஏற்றுங்கள். பாபநாசம் மலை அணிலை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள், ஆயிரத்தோராவது படத்தால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. நம் புறம்போக்கில் இறங்குகிற பறவைக்கு உங்கள் மங்கலான படம்தான் பட்டா.

நிலம் பார்க்க வந்த பிள்ளையே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் அறிக்கையில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது, காட்டினீர்களே. அதில் "நிலம் காலி" என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் அனுப்பவில்லை என்று சொன்னீர்கள். "தென்மேற்கு மூலையில் பூனைப்பருந்துகள் தங்குகின்றன, ஆடு மேய்கிறது" என்று எழுத எத்தனை வார்த்தை ஆகும்? அதை எழுதினால் உங்கள் வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மூலையை விட்டுவிட்டு மேற்கே கருவைக்காட்டுப் பக்கம் நகர்த்தச் சொல்லலாம். கேட்காமலும் போகலாம். எழுதினால் தாளில் நிற்கும், பின்னால் ஒருவர் கேட்க வந்தால் ஆதாரம் இருக்கும்.

கேமராவைக் கொண்டு வரச் சொல்லிவிட்டேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். புல்லுக்குள்ளே இறங்காதீர்கள், கரையிலேயே நில்லுங்கள். இருட்டிய பிறகு கார் விளக்கைப் புல் பக்கம் திருப்பாதீர்கள், கூட்டம் மொத்தமும் கிளம்பிவிடும். பங்குனி, சித்திரையில் ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டை வைத்திருக்கும், கூழாங்கல் போல இருக்கும். நீங்கள் நல்ல படத்துக்காக அரை மணி நேரம் பக்கத்தில் நின்றால் தாய் வந்து உட்கார முடியாது, நம் ஊர் வெயிலில் முட்டை வெந்துவிடும். போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைக்காதீர்கள். நட்சத்திர ஆமையைப் பார்த்தால் இடத்தைப் பொதுவெளியில் எழுதாதீர்கள், வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள். அதைப் பிடித்து விற்கிற கூட்டமும் பேஸ்புக் படிக்கிறது.

மாசி பாதி போய்விட்டது. பங்குனி பிறந்தால் பூனைப்பருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும், இனி அடுத்த ஐப்பசிக்குத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். மதுரை, நெல்லை, தூத்துக்குடியில் இருப்பவர்கள் ரயிலில் மணியாச்சி வந்தால் நாலரை மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். கம்மாய்க்கரை வரைக்கும் ஆட்டோ வரும், அதற்கு மேல் இருபது நிமிஷம் நடை. நிலம் வெடித்துக் கிடக்கிறது, செருப்பில் வந்தால் வெடிப்பில் கால் மாட்டும், ஷூ போட்டு வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். மதினி மகளே, நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. திரும்பும்போது ஏழு மணி ஆகிவிடும், ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில். கம்பங்களி வேண்டுமா இட்லி வேண்டுமா என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.